நாற்பதைத் தாண்டிய கண்: லென்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கண்ணாடியே இல்லாமல் படிக்கலாம் என்ற ஆசையில், புரை விழாத கண்ணிலும் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது என்ன, கைவிட்டுப் போவது என்ன?

பச்சைத் துணிக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிகிறது. மெல்லிய கம்பி ஒன்று இமைகளை விரித்துப் பிடித்திருக்கிறது. மரத்துப்போக ஊசி போடவில்லை; சொட்டு மருந்துதான். படுத்திருப்பவர் முழு விழிப்பில் இருக்கிறார். "வெளிச்சத்தையே பாருங்க, தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மருத்துவர் கருவிழியின் ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல் போடுகிறார். லென்ஸைச் சுற்றியுள்ள மெல்லிய பையின் முன்பக்கம் வட்டமாகத் திறக்கப்படுகிறது. மீயொலியில் அதிரும் ஊசி உள்ளே போகிறது. முற்றிய புரையென்றால் உடைத்து எடுக்க நேரம் பிடித்திருக்கும். இது மென்மையான லென்ஸ் என்பதால் சுலபமாக உறிஞ்சி எடுத்தாகிவிட்டது. காலியான பைக்குள் சுருட்டிச் செலுத்திய செயற்கை லென்ஸ் மெதுவாக விரிந்து உட்காருகிறது. தையல் கிடையாது. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்.

எடுத்த லென்ஸில் புரை இல்லை, துளி மங்கல்கூட இல்லை. அது கண்ணுக்குள் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்து இறுகிவிட்டது. கிட்டத்தில் இருப்பதைக் கண்ணாடியின் துணையில்லாமல் குவித்துக் காட்ட அதனால் முடியவில்லை. இந்த அறுவை சிகிச்சைக்கு அது மட்டுமே காரணம்.

மருத்துவர்கள் இதை 'ரிஃப்ராக்டிவ் லென்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்கிறார்கள். சுருக்கமாக ஆர்.எல்.இ. செய்முறையில் புரை அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. செய்வதற்கான காரணத்தில்தான் பெரிய வேறுபாடு. புரை விழுந்தவருக்கு அந்த லென்ஸால் இனி பயனில்லை. எடுத்தே ஆக வேண்டும். ஆர்.எல்.இ. செய்துகொள்பவரோ கண்ணாடி போட்டால் நன்றாகப் பார்க்கக்கூடியவர். நன்றாக இருக்கும் கண்ணைத் திறப்பதென்றால் அதற்கான காரணம் வலுவாக இருக்க வேண்டும். சென்னை, கோவை, மதுரை என்று பெருநகரங்களில் இந்தச் சிகிச்சைக்கு விளம்பரம் பெருகிவரும் நேரத்தில், விளம்பரத்தில் இடம்பெறாத பாதியையும் மக்கள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

கண்ணுக்குள் இறுகுவது எது?

பிறந்த நாள் முதல் விழிலென்ஸ் வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதிய இழைகள் அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்கின்றன. பழையவை உதிர்ந்துபோக வழியில்லை. எனவே நடுப்பகுதி ஆண்டுக்கு ஆண்டு நெருங்கி, இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் உள்ள தசை சுருங்கி லென்ஸைத் தடிக்க வைக்க வேண்டும். தசை தன் வேலையைச் செய்கிறது. இறுகிய லென்ஸ் தடிக்க மறுக்கிறது. இதுதான் வெள்ளெழுத்து.

இந்தக் குவிப்புத் திறனை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது 12 டயாப்டருக்கும் மேல். நாற்பது வயதில் 5-ஐ ஒட்டி வந்து நிற்கும். அறுபதில் ஏறத்தாழ 1. நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு புத்தகத்தைப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். கையிருப்பில் பாதியைத்தான் சிரமமில்லாமல் தொடர்ந்து செலவழிக்க முடியும் என்பது கண்ணின் கணக்கு. 5-இல் பாதி 2.5. நாற்பதைக் கடந்ததும் மாத்திரை அட்டையின் பின்பக்கம் திடீரென்று பொடி எழுத்தாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். திறன் ஒரே நாளில் போய்விடவில்லை. பத்து வயதிலிருந்தே குறைந்துவந்தது, தேவையான அளவுக்குக் கீழே இறங்கியதும் நமக்குத் தெரியவருகிறது.

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்ட பாட்டிகளுக்கும் இதே குறைதான். ஆனால் அவர்களுக்கு அந்த ஒரு வேலையோடு போயிற்று. இன்றைக்குப் பணம் அனுப்புவதிலிருந்து பிள்ளையின் பள்ளிச் செய்தி வரை எல்லாமே ஒரு முழத்துக்குள் இருக்கும் கைபேசித் திரையில்தான். அதனால் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒரு நாளில் பலமுறை கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சலிப்பு நியாயமானது.

போர் விமானத்திலிருந்து மதுரைக்கு

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்துப் புகுந்தன. கண் அந்தச் சில்லுகளைப் பெரிதாக எதிர்க்காததை லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் முதன்முதலாகப் பொருத்தினார். லென்ஸ் பொருந்தியது, பவர் கணக்கு பிசகியது. அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மீயொலிக் கருவியைப் பார்த்து, புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்.

இந்த வரலாற்றில் நமக்கும் பெருமைக்குரிய பங்கு இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் லென்ஸ் தயாரிப்பு அமைப்பான ஆரோலேப் 1992-இல் தொடங்கியது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், மதுரையில் செய்த லென்ஸ் அந்த விலையை அடியோடு கீழே கொண்டுவந்தது. இன்று ஒரு கூலித் தொழிலாளியின் கண்ணிலும் லென்ஸ் வைக்க முடிகிறதென்றால் அதற்கு இந்த ஊருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: எந்த லென்ஸ் என்ன செய்யும்?

*மோனோஃபோகல்:* ஒரே தூரத்துக்கான லென்ஸ். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பார்கள்; படிக்கக் கண்ணாடி வேண்டும். பார்வையின் தெளிவும் இரவுப் பார்வையும் இதில்தான் சிறப்பு. விலையும் குறைவு.

*மோனோவிஷன்:* அதே மோனோஃபோகல் லென்ஸை ஒரு கண்ணில் தூரத்துக்கும் மறு கண்ணில் கிட்டத்துக்கும் வைப்பது. எல்லோருக்கும் ஒத்துவராது. கான்டாக்ட் லென்ஸ் போட்டு முன்பே சோதித்துப் பார்த்துவிட முடியும் என்பது இதன் பெரிய நன்மை.

*இடாஃப்:* தூரமும் கணினித் திரையும் தெளிவாகத் தெரியும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

*டிரைஃபோகல்:* தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றுக்கும். கண்ணாடியை விட்டொழிக்க அதிக வாய்ப்பு தருவது இது. இரவு வெளிச்சத்தில் அதிகத் தொந்தரவு தரக்கூடியதும் இதுவே.

*டோரிக்:* கருவிழியின் வளைவுக் குறையை, அதாவது சிலிண்டர் பவரைச் சரிசெய்வது. மேற்கண்ட வகைகளோடு சேர்ந்தும் வரும்.

கொடுப்பதும் வாங்குவதும்

நாற்பத்தைந்து வயதுக்காரரின் லென்ஸ் இறுகியிருந்தாலும் அதில் இன்னும் சில டயாப்டர் குவிப்புத் திறன் பாக்கி இருக்கிறது. கணினித் திரையை, மேசை மேல் இருக்கும் சாப்பாட்டை, எதிரில் இருப்பவரின் முகத்தைத் தானாகவே குவித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அதைக் கவனிப்பதில்லை. லென்ஸை எடுத்த நிமிடத்தில் அந்த மிச்சமும் முழுதாகப் போய்விடுகிறது. செயற்கை லென்ஸ் தடிக்காது. அதற்குள் எந்தெந்தத் தூரம் செதுக்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தூரங்கள் மட்டும்தான். அறுபது வயதுக்காரருக்கு இது பெரிய இழப்பில்லை, அவரிடம் இழக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. வயது குறையக் குறைய, கொடுக்கும் விலை கூடுகிறது. விளம்பரங்கள் நாற்பது வயதைக் குறிவைக்கும்போது இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

டிரைஃபோகல் லென்ஸின் பரப்பில் நுண்ணிய வளையங்கள் இருக்கும். கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை அவை மூன்றாகப் பிரிக்கின்றன. ஒரு பகுதி எதற்கும் பயன்படாமல் சிதறியும் போகிறது. ஆகவே எந்தத் தூரத்தைப் பார்த்தாலும் முழு வெளிச்சமும் அந்தப் பார்வைக்குக் கிடைக்காது. வெயிலில் இது தெரியாது. மங்கலான விளக்கொளியில் உணவகத்தின் விலைப்பட்டியலைப் படிக்கும்போது தெரியும். இரவில் தெரு விளக்கையும் வண்டிகளின் முகப்பு விளக்கையும் சுற்றி ஒளிவட்டங்கள் வரும். டிவைடர் இல்லாத சாலையில் எதிரே ஹைபீமோடு ஒரு பேருந்து வந்தால் நல்ல கண்ணே கூசிப்போகும். இந்தக் கண்ணோடு அந்தச் சாலையைக் கடப்பது எளிதில்லை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் மூளை இதற்குப் பழகிக்கொள்கிறது. ஒரு சிலருக்குப் பழகுவதே இல்லை. அவர்களில் சிலர் மறுபடி அறுவை சிகிச்சைக்குப் போய் லென்ஸை மாற்ற வேண்டியதாகிறது. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு டிரைஃபோகல் வேண்டாம் என்றே சொல்வேன்.

கிட்டப்பார்வை உள்ளவர்கள் இதில் தனிக் கவனத்தோடு இருக்க வேண்டும். மைனஸ் 2.5 பவர் உள்ளவர் ஐம்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படிக்கிறார். இயற்கை அவருக்குக் கொடுத்த சலுகை அது. தூரத்துக்கான மோனோஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடி இல்லாமல் பேருந்துப் பலகை தெரியும், படிக்கும் சலுகை பறிபோகும். இதை முன்பே எடுத்துச் சொல்லாவிட்டால், வெற்றிகரமாக முடிந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவர் ஏமாந்த மனநிலையில்தான் வீடு திரும்புவார்.

அதைவிடப் பெரிய ஆபத்து விழித்திரை பிரிதல். கிட்டப்பார்வை அதிகமாக இருப்பவரின் கண்கோளம் நீளமானது. விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லென்ஸை எடுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் அசைந்து விழித்திரையைக் கிழிக்கும் வாய்ப்பு கூடுகிறது. வயது குறைந்தவர்களுக்கும் ஆண்களுக்கும் இந்த ஆபத்து மேலும் அதிகம். கண்ணாடியை வெறுத்து முதலில் ஓடிவருபவர்களில் பலர் இந்த வகையினர்தான் என்பது கவலை தருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போதாவது மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று மழையாகக் கொட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

தொற்று அரிது, வந்தால் பார்வையே போகக்கூடியது. இங்கே நம்பிக்கையூட்டும் செய்தி நம் ஊரிலிருந்தே வந்திருக்கிறது. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தியபோது தொற்று 10,000-க்கு 7 என்பதிலிருந்து 2-ஆகக் குறைந்திருந்தது. அந்த இரண்டு பேருக்குப் புரை இருந்தது, வேறு வழியில்லை. நல்ல கண்ணோடு போய் அந்த இரண்டில் ஒருவராவதற்குத் தயாரா என்ற கேள்வியை ஆர்.எல்.இ. செய்துகொள்பவர் தன்னிடம் கேட்டுக்கொண்டாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. லென்ஸ் வைத்த பையின் பின்புறம் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்கலாகலாம். யாக் லேசர் வைத்துச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் டிரைஃபோகல் லென்ஸே பிடிக்காமல் அவதிப்படுபவர் அவசரப்பட்டு யாக் செய்துகொள்ளக் கூடாது. பையின் பின்புறம் திறந்துவிட்டால், பிறகு லென்ஸை வெளியே எடுத்து மாற்றுவது கடினமாகிவிடும்.

லேசிக் தலைமுறையின் சிக்கல்

இருபது வயதில் லேசிக் செய்து கண்ணாடியைத் தூக்கிப்போட்ட தலைமுறை இப்போது நாற்பதைத் தாண்டுகிறது. லேசிக் கருவிழியைச் செதுக்கியது. உள்ளே இருக்கும் லென்ஸ் எல்லோருக்கும் போல இவர்களுக்கும் இறுகுகிறது. அந்தப் பழைய விடுதலையை மறுபடி அனுபவிக்க இவர்கள் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு இரண்டையும் அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடும்போது, செதுக்கிய கருவிழி அந்தக் கணக்கைக் குழப்பும். ரிட்லியின் முதல் நோயாளிக்கு நேர்ந்த அளவுக்குப் பிசகு வராது என்றாலும், எதிர்பார்த்த பவர் சற்றுத் தள்ளிப்போய் மறுபடி கண்ணாடி போடும் நிலை வரலாம். லேசிக்குக்கு முன்பு எடுத்த அளவுகளின் தாள் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

லேசிக் செய்யாதவர்களும் யோசிக்க வேண்டிய இன்னொன்று, நம் நாட்டின் பெரிய கவலையான சர்க்கரை நோய். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சர்க்கரை விழித்திரையைப் பாதித்தால் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பிரித்தறியும் கூர்மை குறையும். டிரைஃபோகல் லென்ஸும் அதையே குறைக்கிறது. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தால் என்னவாகும் என்று நாற்பத்தைந்து வயதிலேயே யோசிக்க வேண்டும். ஏனென்றால் இன்று வைக்கும் லென்ஸ் எழுபத்தைந்து வயதிலும் அந்தக் கண்ணில்தான் இருக்கப்போகிறது. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் பாதிப்பு, கடுமையான கண் உலர்வு இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

யாருக்கு நியாயமான காரணம் இருக்கிறது?

இந்தச் சிகிச்சையே தேவையற்றது என்று ஒதுக்குவது தவறு. பிளஸ் பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு நடுவயதில் தூரமும் தெரியாது, கிட்டமும் தெரியாது. அவர்களின் கண்கோளம் சிறியது, லேசிக் பெரும்பாலும் கைகொடுக்காது. விழித்திரை பிரியும் ஆபத்தும் அவர்களுக்குக் குறைவு. ஐம்பத்தைந்தைத் தாண்டி, லென்ஸ் லேசாக மங்கத் தொடங்கியிருந்தால் இந்த மாற்றம் அவர்கள் வாழ்க்கையையே எளிதாக்கும்.

சிறிய கண்ணில் இன்னொரு அபாயமும் ஒளிந்திருக்கிறது. வயதாக ஆகப் பருமனாகும் லென்ஸ், கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தை நெருக்கி அடைக்கலாம். 'ஆங்கிள் குளோஷர் கிளாக்கோமா' என்ற இந்த வகை ஆசியர்களிடம் அதிகம். இதற்குத் தொடக்கத்திலேயே, புரை இல்லாதபோதே, லென்ஸை எடுத்துவிடுவது வழக்கமான லேசர் சிகிச்சையைவிட நல்ல பலன் தருவதாக 2016-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'ஈகிள்' ஆய்வு காட்டியது. 419 பேர் அதில் பங்கேற்றார்கள், எல்லோரும் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். இங்கே தெளிவான லென்ஸை எடுப்பது கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக இல்லை, பார்வையைக் காப்பாற்றுவதற்காக.

■ பெட்டிச் செய்தி: சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்

எனக்குப் புரை இருக்கிறதா, இல்லையா? என் கண்கோளத்தின் நீளம் எவ்வளவு? கண் பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரையின் ஓரங்களைப் பார்த்தாயிற்றா? இந்த லென்ஸ் எனக்குப் பழகவில்லையென்றால் அடுத்து என்ன செய்வீர்கள், அதற்கு யார் பணம் கட்டுவது? நான் கைபேசியை வைத்துப் பார்க்கும் தூரத்துக்கு இந்த லென்ஸ் சரிவருமா? ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் நான் எதை இழப்பேன்?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் காத்திருப்பதே நல்லது.

பணமும் காப்பீடும்

லென்ஸின் வகையைப் பொறுத்து ஒரு கண்ணுக்குச் சில பத்தாயிரங்களில் தொடங்கி, டிரைஃபோகல் என்றால் லட்சத்தையும் தொடும். இரண்டு கண்ணுக்கும் செய்தாக வேண்டும். 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறையைச் சரிசெய்யும் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் இதுவும் ஒன்று. புரை அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. அதனால், புரையென்று எழுதிப் பணம் வாங்கித் தருகிறோம் என்று எங்காவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான காரணத்துக்குப் பெற்ற பணத்தால் மொத்தப் பாலிசியும் ரத்தாகலாம். அதைவிட முக்கியம், கண்ணைப் பற்றி ஏட்டில் பொய் எழுதத் துணியும் இடத்தில் கண்ணை ஒப்படைக்கக் கூடாது.

கத்தியில்லாத குறுக்குவழிகளும் வந்து போகின்றன. பாப்பாவைச் சுருக்கிக் கிட்டப்பொருளைத் தெளிவாக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதே மருந்து இந்தியாவிலும் 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. கண்ணாடியே வேண்டாம் என்ற அளவுக்குச் செய்தி பரவியது. அனுமதிக்கப்படாத வகையில் விளம்பரம் செய்ததாகக் கூறி, செப்டம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. இந்த மருந்தின் பலன் சில மணி நேரம்தான். தலைவலி வரலாம், அரிதாக விழித்திரை பிரிந்ததும் உண்டு.

ஒரு கண்ணாடிகூடக் கிடைக்காதவர்கள்

லட்ச ரூபாய் லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். வெள்ளெழுத்துக்கு உரிய கண்ணாடி இல்லாததால் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைகளில் தடுமாறுபவர்கள் உலகில் 82 கோடிக்கும் மேல் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை கணக்கிட்டது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் படிக்கும் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்தபின். கண்ணாடி போட்டவர்களின் கொழுந்து பறிப்பு மற்றவர்களுடையதைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. 2018-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வேதனையே அதிகமாக இருந்தது. சில நூறு ரூபாய்க் கண்ணாடி இல்லாததால் இத்தனை ஆண்டுகள் அவர்கள் எவ்வளவு கூலியை இழந்திருப்பார்கள்? நீலகிரியிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் பெண்களில், திருப்பூரில் தையல் பிசிறு பார்க்கும் பெண்களில், எத்தனை பேர் வயதாகிவிட்டது என்று வேலையைவிட்டு நின்றிருப்பார்கள்? நிறுத்தியது வயதா, வெள்ளெழுத்தா என்று யாரும் பார்க்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. புரையில்லாத, பவர் குறைவான, நாற்பதுகளில் இருக்கும் கண்ணுக்கு லென்ஸ் மாற்று இப்போது வேண்டாம். நல்ல புரோக்ரஸிவ் கண்ணாடிக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஒத்துவந்தால் கான்டாக்ட் லென்ஸை முயன்று பாருங்கள். பிளஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், நீர் வடியும் கோணம் குறுகியவர்கள், ஐம்பத்தைந்தைத் தாண்டிப் புரை எட்டிப்பார்ப்பவர்கள் தயங்காமல் மருத்துவரோடு பேசுங்கள். அதிலும், லென்ஸ் விற்காத இன்னொரு இடத்தில் ஒரு மறுகருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நாற்பதைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்வதோடு விட்டுவிடாதீர்கள். ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் அழுத்தத்தையும், மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவையும் கையோடு அழைத்துப் போங்கள்.